இரண்டு முகமும் இல்லாத கிளிப்

எங்கள் வட்டார வீடியோக்காரர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. எடிட்டிங் மென்பொருளை வேகமாக்குவது எப்படி, வெளி ஹார்ட் டிஸ்க்குகளைக் கையாளுவது எப்படி என்று இளையவர்களுக்குப் பயன்படும்படி நான் ஒரு கட்டுரை தர வேண்டுமாம். கேட்டவர் சங்கச் செயலாளர். கேட்டுவிட்டு, "சுருக்கமா இருக்கட்டுங்க அக்கா, நீளமா இருந்தா யாரும் படிக்க மாட்டாங்க" என்றார். கல்யாண வீடியோ வெட்டிய காலமெல்லாம் நான் கேட்டுக் கேட்டுச் சலித்த வாக்கியம் அது. ஆகவே நீளமாகவே எழுதப்போகிறேன்.

பயன் மட்டும் வேண்டுகிறவர்கள் இந்த ஒரு பத்தியைப் படித்துவிட்டு எழுந்து போகலாம். படப்பதிவுகளை விண்டோஸ் இருக்கும் டிரைவிலேயே கொட்டாதீர்கள். வெளியே செருகுகிற, தகடு சுற்றாத எஸ்.எஸ்.டி. டிரைவ் ஒன்று வாங்கி அதில் வையுங்கள். மென்பொருள் தனக்காகச் சேர்த்துக்கொள்ளும் தற்காலிகக் கோப்புகளுக்கு, அதாவது கேஷுக்கு, வேறொரு டிரைவைக் காட்டுங்கள். டிரைவோடு வந்த கேபிளையே செருகுங்கள். போன் சார்ஜர் கேபிளைச் செருகிவிட்டு டிரைவைத் திட்டாதீர்கள். டிரைவைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். கணினி திணறினால் பெரிய கிளிப்புகளுக்குச் சின்ன, தெளிவு குறைந்த நகல்கள் செய்துகொள்ளுங்கள். பிராக்ஸி என்பார்கள். அவற்றைப் பார்த்து வெட்டினால், கடைசியில் மென்பொருள் தானாக அசலை எடுத்துக்கொள்ளும். டிரைவைப் பிடுங்கும் முன் கணினியிடம் சொல்லிவிட்டுப் பிடுங்குங்கள். அவ்வளவுதான். இதற்கு மேலும் வேகம் வேண்டுமானால் குறைவாகப் படம் எடுங்கள்.

மற்றவர்கள் உட்காரலாம். வேகம் என்ற சொல்லைக் கேட்டாலே நான் ஏன் முகத்தைச் சுளிக்கிறேன் என்று சொல்கிறேன்.

நான் மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் சித்தூரில் பட்டம் வாங்கி, கோயம்புத்தூரில் ஒரு மல்டிமீடியா வகுப்பில் சேர்ந்து, அங்கே சொல்லிக்கொடுத்ததில் பாதி அடுத்த வருடமே பழசாகிவிட, மீதிப் பாதியோடு ஊர் திரும்பியவள். பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். பெண் பிள்ளைக்கு உட்கார்ந்த இடத்தில் வேலை, வெயில் படாது, நல்லது என்றார்கள். உட்கார்ந்தே கழுத்தெலும்பு தேயும் என்பதை யாரும் சொல்லவில்லை. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது, பென் டிரைவ் போய் "லிங்க் அனுப்பிருங்க" வந்தது. மாறாதது ஒன்றுதான். முகூர்த்தம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் வீடியோ எப்போது என்று கேட்பார்கள். கொடுத்த பிறகு அதை எடுத்துப் பார்க்கவே மாட்டார்கள்.

என் முதலாளி ராஜாமணி அண்ணன். அவர் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். "நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று அவர் மெதுவாகச் சொன்னால் கடையில் எல்லோரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவோம். காலையில் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கேட்கும் ஊரில், அவர் "காப்பி ஆச்சுங்களா?" என்று கேட்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் குடிக்கிற காப்பி என்று நினைத்து ஆச்சு என்று தலையாட்டி மாட்டிக்கொள்வார்கள். அவர் கேட்டது கேமராவின் மெமரி கார்டிலிருந்து எடுத்த நகலை.

அவருடைய முறை இது. மண்டபத்திலிருந்து கார்டுகள் வந்ததும் இரண்டு நகல் எடுக்க வேண்டும். ஒன்று வேலை செய்யும் டிஸ்க்கில். இன்னொன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில். அப்போது இருந்தவை கனமானவை, மெதுவானவை, உள்ளே தகடு சுற்றும் ஓசை காதில் விழும். நகல் எடுத்தபின் கோப்புகளை எண்ணிப் பார்த்தால் போதாது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதல் கிளிப்பையும் கடைசிக் கிளிப்பையும் நடுவில் ஏதாவது ஒன்றையும் திறந்து, சத்தத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியை ஒரு துண்டு வெட்டி, டிஸ்க்கின் முதுகில் ஒட்டி, குடும்பத்தின் பெயரை எழுத வேண்டும். அந்த டிஸ்க் கடையில் இருக்கக் கூடாது. "கடைக்குத் தீப்புடிச்சா ஊடு மிஞ்சும், ஊட்டுக்குத் தீப்புடிச்சா கடை மிஞ்சும்" என்பார். பழைய வேட்டித் துணியில் சுற்றி, எவர்சில்வர் தூக்குப்போசிக்குள் வைத்து மூடி, டிவிஎஸ் வண்டியின் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஒருமுறை கலால்காரர்கள் மடக்கினார்கள். கள்ளு கொண்டுபோகிறார் என்று சந்தேகம். போசியைத் திறந்து, துணியைப் பிரித்து, இது என்ன என்று மலையாளத்தில் கேட்டதற்கு அண்ணன் சொன்ன பதில் எங்கள் கடையில் ரொம்ப நாள் ஓடியது. "கல்யாணமுங்க சார்."

கார்டை கேமராக்காரர் காலி செய்யவும் அவர் அனுமதி வேண்டும். வீட்டார் படத்தைப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் கார்டு திரும்பப் போகும். கேமராக்காரர்கள் அவரைக் கஞ்சன் என்றும் பிசாசு என்றும் திட்டினார்கள். அவரிடம் கோமாளித்தனமும் இருந்தது. ஆயுத பூஜைக்கு டிஸ்க்குகளுக்கு எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஒரு வருடம் குங்குமம் கேபிள் செருகும் வாய்க்குள் போய்விட, நான் பல்குத்தியும் பஞ்சும் வைத்துக்கொண்டு ஒரு காலை முழுக்க சரஸ்வதியின் அருளைச் சுரண்டி எடுத்தேன்.

அண்ணனுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்தபின் கடை அவர் மகன் பிரவீணிடம் வந்தது. பிரவீண் பெங்களூரில் படித்தவன். கண்ணாடிக் கதவு வைத்தான், கடையின் பெயரில் இருந்த "வீடியோ" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஃபிலிம்ஸ்" என்று போட்டான். சினிமா எடுப்பதில்லை, அதே சீர், அதே சாப்பாட்டுப் பந்திதான். மென்பொருளை வேகமாக்கப் பத்து வழி, இருபது வழி என்று யூடியூபில் பார்த்துவிட்டு வருவான். அந்த வீடியோக்களில் சொல்வது பெரும்பாலும் அதை அழி, இதை அழி என்பதுதான். எதை அழிக்கச் சொன்னார்கள் என்பதைக் கவனிக்கும் பொறுமை அவனுக்கு இல்லை. அழி என்பது மட்டும் பிடித்துப்போயிற்று.

தீப்பெட்டி அளவில் ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கினான். அதைத் தாயத்து மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தான். வேகமானதுதான், நான் மறுக்கவில்லை. அரை நாள் ஆன நகல் ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்தது. ஆனால் சின்னது, சீக்கிரம் நிரம்பும், நிரம்பினால் மென்பொருள் நொண்டும். அதற்கு இன்னொன்று வாங்கலாம். பிரவீண் வாங்கவில்லை, ஒரு விதி செய்தான். "பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேர் மொகமும் சேந்து இல்லாத கிளிப்பெல்லாம் வேஸ்ட். மொதல்லயே தூக்கிரு." திறந்து பார்க்கக்கூட வேண்டாம். திரையில் வரிசையாகத் தெரியும் சின்னப் படங்களைப் பார்த்து, இரண்டு முகம் இல்லாவிட்டால் அழித்துவிடலாம். இரண்டாவது நகலும் நேர விரயம் என்று நின்றது. தூக்குப்போசி அண்ணன் வீட்டுச் சமையலறைக்குத் திரும்பியது. என் கழுத்தும் அப்போதுதான் திரும்ப மறுத்தது. டாக்டர் வேலையை விடச் சொன்னார். இந்த விதியைக் கேட்டபின் நானே விட்டிருப்பேன்.

விடைபெறும்போது அண்ணன் நடக்க முடியாமல் வீட்டில் இருந்தார். ஆள் அனுப்பி எனக்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கையும் அந்தத் தூக்குப்போசியையும் கொடுத்தார். மற்ற கம்பெனிகளில் கைக்கடிகாரம் கொடுப்பார்கள்.

நான் விட்டு வந்த கடையிலேயே என் மகள் ஹரிணி வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். படித்த பெண், வேறு வேலையா இல்லை என்று வீட்டில் ஒரு மாதம் பேசாமல் இருந்து பார்த்தேன். அவளும் பேசாமல் இருந்தாள், ஜெயித்தாள். அவளுடைய லேப்டாப் பழசு. இப்போதைய கேமராக்களின் பெரிய படத்தை அது ஓட்டாது, விக்கும். அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும், பிரவீண் அழிக்க உட்காரும் முன்பே, எல்லாக் கிளிப்புகளுக்கும் பிராக்ஸி செய்து, அண்ணன் எனக்குக் கொடுத்த டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, அவன் விட்டுவைத்தவற்றை முதல் வெட்டு வெட்டுவாள். அந்த டிஸ்க்கைப் பையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் பிரவீண், "அம்மிக்கல்லத் தூக்கியாந்துட்டியா அம்மணி? அப்படியே கொஞ்சம் சட்னி அரைச்சுக் கொடு" என்பானாம். வீட்டில் நானும் சும்மா இருக்கவில்லை. பிராக்ஸி பார்த்து வெட்டுவது, கண்ணாடியில் தெரியும் சோற்றைப் பிசைகிற மாதிரி என்பேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள்.

இனி அந்தக் கல்யாணம்.

முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் பழனிச்சாமி என்பவர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அவருடைய மகன் விவேக். விவேக்குக்கு ஓர் அக்கா உண்டு, சுகந்தி. மலைமேல் ஏலப்பாறையில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஓர் எஸ்டேட் பையனை அவளாக விரும்பிக் கட்டிக்கொண்டு போனவள். அதிலிருந்து அப்பன் அவளோடு பேச்சில்லை. பெயரைச் சொன்னால் எழுந்து தோப்புக்குப் போய்விடுவார். ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று இருக்கிறது. தாலி கட்டுவதற்கு முன், மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைச்சேலை வைத்த மூங்கில் பேழையைத் தலையில் சுமந்து வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். சேலையின் ஒரு முனை அவன் பக்கம், மறுமுனை அவள் கையில். வரப்போகிறவளுக்கு முன்னால் இந்த வீட்டில் இவளுக்கும் பாத்தியதை உண்டு என்று ஊர் பார்க்கச் சொல்கிற சடங்கு. அக்கா வராமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்று விவேக் சொல்லிவிட்டான். அப்பன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சுகந்தி விடியலில் வந்தாள். பேழையைச் சுமந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். பந்திக்கு நிற்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

மணப்பெண் அந்தச் சீரில் கிடையாது. அதாவது இரண்டு முகம் இல்லை.

பிரவீண் எங்கள் சாதி சனத்துப் பையன்தான். அவனுடைய அக்காவே அவனுக்குப் பேழை சுமந்தவள். திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சின்னப் படத்தைப் பார்த்தான். மாப்பிள்ளை பக்கத்தில் யாரோ ஒரு பட்டுச்சேலை, பெண் இல்லை, வேஸ்ட். அன்றைக்கே கேமராக்காரர் அடுத்த கல்யாணத்துக்காகக் கார்டைத் துடைத்துவிட்டார். அவரைத் தடுக்க இப்போது யாரும் இல்லை.

வீடியோ போயிற்று. பழனிச்சாமி வீட்டில் உறவினர்கள் சூழ டிவியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். முகூர்த்தக்கால் வந்தது, மாப்பிள்ளை அழைப்பு வந்தது, ட்ரோன் மாந்தோப்புக்கு மேலே பருந்து மாதிரி சுற்றியது, நேராகத் தாலி. இணைச்சீர் இல்லை. விவேக் கடைக்குப் போன் செய்தான். பிரவீணுக்கு அழித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான். "உங்க ஊட்ல பெரியவங்கதானுங்க சுருக்கச் சொன்னாங்க."

அதில் ஒரு துளி உண்மை இருந்தது. அட்வான்ஸ் கொடுக்க வந்த அன்று பழனிச்சாமி, எல்லோரும் சொல்வது போல, வீடியோ சுருக்கமா இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். அந்தத் துளி போதும். வெட்டச் சொன்னது அவர்தான் என்று வீட்டில் எல்லோரும் ஒரே நொடியில் நம்பினார்கள். மனைவி நம்பினாள், மகன் நம்பினான். ஏலப்பாறைக்குப் போன் போயிற்று. சுகந்தி அழவில்லையாம். "சரிங்கம்மா. அப்பாவுக்குப் புடிக்கலீன்னா உட்டுருங்க" என்று மட்டும் சொன்னாளாம். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் அவள் எடுக்கவில்லை.

பழனிச்சாமி கடைக்கு வந்தார். ஹரிணி எனக்குப் போன் செய்து, "அம்மா, கொஞ்சம் கடைக்கு வாங்க" என்று சொன்னதோடு போன் அணைந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை. சார்ஜ் தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன். பெண் பெற்றவர்களுக்குத் தெரியும். இப்போதும் அவள் போன் அணைந்திருந்தால் ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிறேன்.

கடையில் பழனிச்சாமி நின்றுகொண்டிருந்தார், நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வலது கையில் கடிகாரம், அதையும் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார். தோப்பில் கிளை வெட்டுகிறவர்கள் கண்ணாடி உடையாமல் இருக்க அப்படிக் கட்டுவார்கள். ஹரிணி சுவரோரம் நின்றாள். பிரவீண் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தான்.

"கார்டு காப்பி பண்ணுனது ஹரிணிதானுங்க. அதுலயே உட்டுப்போயிருக்கும்."

பழனிச்சாமி ஹரிணி பக்கம் திரும்பவே இல்லை. "அந்தப் புள்ளய உடுங்க. நான் ஒண்ணு கேக்கறேன். நான் வெட்டச் சொன்னனா?"

"நீங்கதானுங்க சுருக்கமா வேணும்னு..."

"சுருக்கமா வேணும்னேன். என்ற புள்ளயச் சுருக்கச் சொன்னனா?"

குரல் உயரவில்லை. எனக்கு ராஜாமணி அண்ணன் ஞாபகம் வந்தது. பிரவீணுக்கும் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, கிளிப்புகளை அழித்தது நான்தான் என்றான். அதைச் சொல்ல அவனுக்கு ஒரு பெரிய மனுஷன் முன்னால் வந்து நிற்க வேண்டியிருந்தது. போனில் சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் மிஞ்சியிருக்கும்.

"நீ அழிச்சீன்னு நான் ஊட்ல போய்ச் சொன்னா யாருப்பா நம்புவா?" என்றார் பழனிச்சாமி. "காசு கொடுத்துச் சொல்ல வச்சன்னுதான் சொல்லுவாங்க." அப்போதுதான் உட்கார்ந்தார்.

அழிந்தது திரும்ப வருமா என்று அவர் என்னைக் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தகடு சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றை அழித்தால், வீட்டின் விலாசத்தைத்தான் கிழிக்கிறது. வீடு அங்கேயே நிற்கும், அந்த மனையில் வேறொருவன் கட்டும்வரை. எஸ்.எஸ்.டி. அப்படியல்ல. அழி என்றதும், அடுத்த வேலைக்கு வேகமாக இடம் வேண்டுமென்று, சும்மா இருக்கும் நேரத்தில் அதுவாகவே வீட்டை இடித்துத் தரையைக் கூட்டி வைத்துவிடும். அதன் வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம். பிரவீணின் தாயத்தை வாங்கி, மீட்கும் மென்பொருளில் போட்டுத் தேடினேன். எல்லாம் பூஜ்யம். ஒரு செங்கல்கூட இல்லை.

பிறகு ஹரிணியைக் கேட்டேன். "பிராக்ஸி எங்க கண்ணு?"

"அழிச்சுட்டேம்மா. வேல முடிஞ்சதும் அழிச்சிரணும்னு பிரவீண் அண்ணன் சொல்லியிருக்காங்க."

"எதுல இருந்துச்சு?"

"உங்க டிஸ்க்குல."

"அதுக்கப்பறம் அதுல எதாச்சும் ஏத்துனியா?"

"இல்லீங்கம்மா. என்னைய ஆல்பம் வேலைக்கு மாத்திட்டாங்க. பைக்குள்ளயேதான் கெடக்குது."

அம்மிக்கல்லை வாங்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தோம். அதைக் கணினியில் செருகி, முதலில் தேடவில்லை. தேடுவது இரண்டாவது. முதலில் டிஸ்க்கை அப்படியே, வெற்றிடம் உட்பட, இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். அதன்பின் மூலத்தைக் கழற்றி வைத்துவிட்டு நகலில்தான் தேட வேண்டும். தேடும்போது ஏதாவது தவறினாலும் மூலம் மிஞ்சும். அவசரக்காரர்கள் நேராகத் தேடுவார்கள், கண்டெடுத்ததை அதே டிஸ்க்கிலேயே எழுதி, கண்டெடுக்க வேண்டியதை அதனாலேயே மூடுவார்கள். மெதுவான டிஸ்க். மறுநாள் பகல் முழுவதும் நகல் ஓடியது. ஹரிணி சாப்பிடவில்லை, நானும் சமைக்கவில்லை. தகடு சுற்றும் ஓசையைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

அவள் திடீரென்று சொன்னாள். "அவங்கப்பா அப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்கன்னு அந்த அக்காவுக்கு ஒரு நிமிசங்கூடத் தோணலீல்லம்மா?"

"பேசாம இருந்தவங்க கண்ணு. தோணாது."

"நாமளும் ஒரு மாசம் பேசாம இருந்தோம்."

திரையில் நகல் ஓடும் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்புகள் வந்தன. பெயர்கள் போய்விட்டன, வெறும் எண்கள். பல கிளிப்புகள் திறக்கவே இல்லை. சிலவற்றில் பாதிப் படம் பச்சையாக இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தோம். பந்தி, பந்தி, செருப்புகள், மறுபடி பந்தி. பிறகு ஒன்று ஓடியது. முக்காலியில் நிறுத்திய கேமரா, மணவறை, மூங்கில் பேழை. ஹரிணி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிராக்ஸி என்பது இவ்வளவுதான்: முகங்கள் பிசைந்த மாவு மாதிரி, நாதஸ்வரம் நடுநடுவே அறுந்து அறுந்து. ஆனால் முதலிலிருந்து கடைசிவரை ஓடியது.

பழனிச்சாமி தன் வீட்டில் வைத்துப் பார்க்க விரும்பவில்லை. "எம்மூஞ்சியப் பாத்துட்டே பாப்பாங்க" என்றார். அதனால் என் வீட்டில். சுகந்திக்கு நான்தான் போன் செய்தேன், அறிமுகமில்லாத எண் என்பதால் எடுத்தாள். ஏலப்பாறையிலிருந்து தனியாக வந்தாள். மலையில் இருந்து இருந்து பேச்சு கொஞ்சம் மாறியிருந்தது. "எதுக்குக்கா இவ்வளவு சிரமப்பட்டீங்க, அத அவுகளே வேணாம்னுட்டாக" என்று சொல்லிக்கொண்டே வாசலேறினாள். உள்ளே அப்பன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். அவர் கதவோரம் நாற்காலியைப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஹரிணி நடந்ததைச் சொன்னாள். எஸ்.எஸ்.டி., விதி, அழித்தது, போனில் சொன்ன பொய், எல்லாம். சுகந்தி கேட்டுக்கொண்டாள். நம்பினாள் என்று சொல்ல மாட்டேன். கிளிப்பை ஓட்டினேன்.

பேழை வருகிறது. அதைச் சுமந்து ஒரு மங்கலான பட்டுச்சேலை வருகிறது. உட்காருகிறாள். சேலை முனையைக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு நின்ற மின்விசிறி, மாப்பிள்ளையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சடங்கு ஓடுகிறது. அப்போது இடது ஓரத்திலிருந்து ஒரு வெள்ளை வேட்டி வருகிறது, முகம் படச் சட்டத்துக்கு வெளியே. ஒரு கை உள்ளே நீண்டு, விசிறியின் தலையைப் பிடித்து மெதுவாகத் திருப்புகிறது. மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஏதோ ஒன்று, லைட் பட்டு, ஒரு தரம் பளிச்சிடுகிறது. கை போய்விடுகிறது. சுகந்தியின் முந்தானை அசையத் தொடங்குகிறது.

இதைத் தொழில்காரர்கள் கவனிக்க வேண்டும். சட்டத்துக்குள் கை, விசிறியின் தலை மறைப்பு, இரண்டும் பிழை. அசல் என் கையில் இருந்திருந்தால், இணைச்சீரை வைத்துக்கொண்டு இந்த இடத்தை முதலில் வெட்டியிருப்பேன். யாராக இருந்தாலும் வெட்டுவார்கள்.

"பின்னால ஓட்டுங்கக்கா" என்றாள் சுகந்தி. ஓட்டினேன். "இன்னொருக்கா." கை மறுபடி வந்து மறுபடி விசிறியைத் திருப்பியது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து, கதவோர நாற்காலியின் கைப்பிடியில் கிடந்த அவர் மணிக்கட்டின் கடிகாரத்தைப் பார்த்தாள். மலைப் பேச்சு போய்விட்டது. "அப்பா, இது உங்க கைங்க."

பழனிச்சாமி தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "மாப்பிள்ளைக்கு வேத்துச்சு. அதுக்குத் திருப்புனேன்."

"தம்பிக்கு மொதல்லயே காத்து வந்துட்டுத்தானுங்க இருந்துச்சு. நீங்க எம்பக்கமாத்தானுங்க திருப்பீருக்கறீங்க."

தெருவில் ஒரு மாங்காய் லாரி போய் முடிந்தது. பிறகு அவர் கேட்டார்.

"பேழை கனமா இருந்துச்சா?"

நானும் ஹரிணியும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டோம். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

அந்தக் கிளிப்பை வெட்டாமல், ஒட்டாமல் பழனிச்சாமி வீட்டுக்குக் கொடுத்தேன். ஹரிணி பிரவீணிடம் திரும்பப் போகவில்லை, கோயம்புத்தூரில் வேறொரு இடத்தில் இருக்கிறாள். தினமும் போன் செய்கிறாள். நான் எடுக்கத் தாமதித்தால் இப்போது அவளும் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுவிடுகிறாள். பழைய டிஸ்க்கின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி, வேட்டித் துணியில் சுற்றித் தூக்குப்போசியில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் பிரவீண் கூப்பிட்டான். பழனிச்சாமி வீட்டில் நல்ல பெயர் வாங்கிக்கொள்ள ஆசை. மங்கலான முகத்தைத் தானாகவே தெளிவாக்கிவிடும் மென்பொருள் வந்திருக்கிறதாம், ரொம்ப வேகமாம். "அந்தக் கை குறுக்க வர்ற எடத்த மட்டும் ட்ரிம் பண்ணிட்டு, மொகத்தையெல்லாம் ஷார்ப் பண்ணிக் கொடுத்தரலாங்க அக்கா" என்றான். அந்த மென்பொருளுக்கு சுகந்தியைத் தெரியாது. யாரோ ஒருத்தியின் மூக்கையும் கண்ணையும் ஊகித்து ஒட்டும். நான் போனை வைத்துவிட்டேன்.

சங்கச் செயலாளருக்கு ஒரு வார்த்தை. மலரில் பக்கம் போதாவிட்டால் எதையாவது சுருக்கத்தான் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பயன் மட்டும் இருக்கிற அந்த இரண்டாவது பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள்.